டோலுக்குப் பக்கத்தில் ட்ரம்பெட்

டிசம்பர் 28

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

ஜஸ்லீன் இன்றும் டோல் மேளத்தோடு எங்கள் வீட்டுக்கு ஒத்திகைக்கு வந்தாள். என் வகுப்புதான். பஞ்சாபி, அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஜனவரி 13ஆம் தேதி அவர்கள் குவார்ட்டர்ஸில் நெருப்பு மூட்டி ஆடும் லோஹ்ரி பண்டிகை. என் நைனாவின் பேண்டு செட்டோடு அவள் டோல் அடிக்கப் போகிறாள். நைனா ஒரு காலத்தில் சென்னை ஓட்டலில் ஜாஸ் வாசித்தவர். "இவ அடி நொண்டிக்கினே ஓடுது பாரு! ஜாஸும் இப்டித்தான்!" என்று துள்ளுகிறார்.

நான் ட்ரம்பெட் கேட்டபோது என்ன சொன்னார்? "பொம்பளப் புள்ள பேண்டுல நின்னா ஊரு இன்னா பேசும்?"

ஜஸ்லீன் மட்டும் யாராம்?

ஜனவரி 3

ஒத்திகை நடக்கும்போது டீ கொண்டுபோய் வைத்தேன். யார் வைத்தது என்றுகூட நைனா பார்க்கவில்லை.

ஜனவரி 5

நைனா ஏரிக்கு மீன் பிடிக்கப் போன நேரம் ஐஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய், அவர் ட்ரம்பெட்டில் சத்தம் வெளியே கேட்காதபடி துண்டைத் திணித்து ஊதினேன். அவர்கள் ஒத்திகை பார்க்கும் லோஹ்ரி மெட்டு முழுசாக வந்துவிட்டது. திரும்பினால் ஜஸ்லீன்!

"சொல்ல மாட்டேன் வைஷு" என்றாள். போயும் போயும் இவளிடமா மாட்டினேன்?

ஜனவரி 9

வீட்டில் நான் மட்டும். நைனாவோடு ஏரியில் வலை கட்டும் ராஜேந்திரன் மாமா வந்தார். "ஏரில வலை கட்டற பாடு, நம்ம முறை, மாறிப்போச்சி. பதிமூணாந்தேதி ராத்திரி நம்ம ரெண்டு ஊட்டு முறை. மாத்திக்கணும்னா நாளைக்குள்ள ஊர்ல சொல்லணும். நைனாகிட்ட சொல்லிடு."

"சரி மாமா."

சொன்னால் நைனா முறையை மாற்றிக்கொள்வார். சொல்லாவிட்டால் வலை கட்டப் போயே ஆகவேண்டும். அவர் இல்லாமல் அவள் எப்படி வாசிப்பாள்?

ஜனவரி 10

சொல்லவில்லை.

ஜனவரி 12

ஒத்திகை நடுவில் போய், மாமா சொன்னதைச் சொன்னேன்.

"இப்போ சொல்ற?"

"மறந்துட்டேன் நைனா."

திட்டவில்லை. ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்தார். ஜஸ்லீன் அழுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவளோ, "அங்கிள், வைஷு வாசிப்பா. நல்லா வாசிப்பா" என்றாள். நைனா என்னையே பார்த்தார். பெட்டியைத் திறந்தார். "ஊது."

ஊதினேன். பாதியில் அவர் கால் தாளம் போட ஆரம்பித்தது.

"நாளைக்கு நீ போ" என்றார்.

ஜனவரி 13

வாசித்தேன்! நெருப்பைச் சுற்றி எல்லாரும் ஆடினார்கள். ஜஸ்லீன் அடிக்க அடிக்க நான் இடையில் புகுந்து புகுந்து... அவள் சிரித்தாள், நானும். சந்தோஷமாக இருந்தது, ஐயோ, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நைனா இப்போது ஏரியில், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். பக்கத்தில் ராஜேந்திரன் மாமா. இரண்டு பேரும் விடிய விடியப் பேசுவார்கள். 9ஆம் தேதியே என்னிடம் சொன்னதை மாமா சொல்லிவிடுவாரோ?

ஜனவரி 14

காலையில் வந்தார். கால் கழுவினார். "எப்டி வாசிச்ச?"

"நல்லா வாசிச்சேன் நைனா."

"ம்." கஞ்சி குடித்து முடித்தார். "ட்ரம்பெட்டு இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்."

சுவரைப் பார்த்துச் சொன்னார்.