ருஸ்தம் அண்ணன் வாங்கிய டாலர்

2021 டிசம்பர் 14, செவ்வாய்

எங்கள் நாணயமாற்றுக் கடையின் விலைப்பலகையை இன்று மட்டும் ஒன்பது முறை மாற்றினேன். டாலருக்குப் பதினான்கு லிரா. வரிசையில் நிற்பவர்கள் முதலில் பலகையைப் பார்க்கிறார்கள், பிறகு என்னை முறைக்கிறார்கள். விலையை நான்தான் ஏற்றுகிறேனா என்ன?

டிசம்பர் 17

கீழ்வீட்டு ருஸ்தம் அண்ணன் படிக்கட்டில் நிறுத்தினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் தன் பழைய வேனை விற்றுவிட்டாராம், ஒரு லட்சத்து எண்பதாயிரம் லிராவுக்கு. அந்தப் பணத்தில் வாங்கப்போகும் வேன் ஜனவரியில்தான் கைக்கு வருமாம்; பணமும் அப்போதுதான் கொடுக்க வேண்டுமாம்.

“லிராவாவே வச்சிருந்தா அதுக்குள்ள டயர்தான் வாங்க முடியும் போல. நீ உள்ள இருக்கிறவ, செவ்குல். சொல்லு, டாலரா மாத்திடட்டுமா?”

தெரியலைண்ணே என்றேன். நம்பவில்லை. சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பார். நிஜமாகவே தெரியாது. பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 20, திங்கள்

மதியம் டாலர் பதினெட்டு. ருஸ்தம் அண்ணன் என் ஜன்னலுக்கே வந்தார். வாங்கு என்றும் சொல்லக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது என்பது முதலாளி தாஹிரின் கட்டளை. அவர் என் பின்னால்தான் நின்றார். பத்தாயிரம் டாலரை எண்ணிக் கொடுத்தேன். அண்ணன் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத நிம்மதி.

அதே நாள், சாயங்காலம்

தொலைக்காட்சியில் அரசாங்க அறிவிப்பு. லிராவில் சேமிப்பு போட்டால் டாலர் ஏறுவதால் வரும் நஷ்டத்தை அரசாங்கமே ஈடுகட்டுமாம். டாலர் சரிகிறது. பதினாறு. பதினான்கு. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். 

டிசம்பர் 21

கடை திறக்குமுன்பே அண்ணன் வந்து நின்றார். டாலர் பன்னிரண்டு.

“இன்னும் இறங்குமா?”

தாஹிர் இருந்தும் வாய்விட்டுச் சொன்னேன் — கொஞ்சம் பொறுங்கண்ணே, இன்னைக்கு விக்காதீங்க.

“அன்னிக்குத் தெரியாதுன்னியே. இன்னிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

டாலர் எட்டாகிவிட்டால் வேன் மொத்தமாகப் போய்விடும் என்று எல்லா டாலரையும் ஜன்னலுக்குள் தள்ளினார். நேற்று கட்டிக் கொடுத்த அதே ரப்பர் பேண்டு. பிரிக்கக்கூட இல்ல மனுஷன். ஒரே நாள்ல அறுபதாயிரம் போச்சு. என் கையாலயே கொடுத்து, என் கையாலயே வாங்கி — நான் என்னதான் பண்ணியிருக்கணும்?

டிசம்பர் 27

வேனை விற்பவர் ஒரு லிராகூடக் குறைக்கவில்லையாம். டாலர் ஏறினபோது ஏற்றின விலை அப்படியே நிற்கிறது.

2022 பிப்ரவரி 3

அந்த வேனை வேறொருவர் வாங்கிவிட்டார். அண்ணன் மனைவிதான் சொன்னாள். எனக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, குடி என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 12

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நான் பேருந்துக்கு நின்றபோது ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ருஸ்தம் அண்ணன். கூலிக்கு ஓட்டுகிறார். பிள்ளைகள் ஏறும் இடம் வரைக்கும் வண்டி காலிதான், ஏறிக்கோ என்றார். வழியெல்லாம் வேன் முதலாளி டீசலுக்குக் கணக்குக் கேட்பதைப் பற்றியே பேசினார். நான் இறங்கும்போது, ரொம்பச் சாதாரணமாக,

“இப்ப டாலர் எவ்வளவு?”

பதினெட்டைத் தாண்டிவிட்டது.

“இன்னும் பாக்கலைண்ணே” என்றேன். தலையாட்டினார்.

விலைப்பலகை தொங்கும் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் அவர் தினமும் போக வேண்டும்.