கதை சொல்லிக் கறி விற்றவர்

தக்குவரெம்போ,
அக்டோபர் 14.

அன்பு மகள் சுல்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நூற்றெண்பது மாடுகளும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் தெரியும், போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய், ஓஸ்லோ குளிரில் யாரால் நன்றாக இருக்க முடியும், கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்.

அப்பா கறி வியாபாரி ஆன கூத்தைச் சொல்கிறேன் கேள். வழக்கமாக மாடு பிடிக்கும் தரகர் வந்து, புல் மட்டும் தின்றால் எடை ஏற மூன்று வருஷம் ஆகிறது, என் கொட்டடிக்கு அனுப்புங்கள், சோளம் போட்டு நூறே நாளில் ஏற்றிவிடுகிறேன் என்றார். அப்பா சும்மா இருந்தாரா? "எம் மாடு சேத்துல நின்னு சோளம் திங்காது, நீங்க வேணா தின்னு பாருங்க" என்று அனுப்பிவிட்டார். வீறாப்புப் பேசியாயிற்று, இனி விற்பது யாரிடம்? ஆற்றோர மேய்ச்சல் நிலத்தை யூக்கலிப்டஸ் நடக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் காகிதத்தோடு வந்தார், கொடுத்தால் பாதி மந்தை போய்விடும். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அவர் சாப்பிடவில்லை என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியும்.

நாமே விற்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஊர் அறுப்புக்கூடத்தில் இரண்டு காளைகளை அறுத்து, ஞாயிற்றுச் சந்தையில் குளிர்பெட்டியோடு உட்கார்ந்தோம். ஒரு பெண் வந்து இது எந்த மாடு என்று பேச்சுக்குக் கேட்டாள். உன் அப்பாவிடம் அப்படிக் கேட்கலாமா? "ஆலங்கட்டி மழையில பொறந்தவம்மா, தாய் மடி குடுக்கல, நாந்தான் புட்டியில பால் குடுத்தேன், கூப்பிட்டா நாய்க்குட்டி மாதிரி ஓடி வருவான்" என்று அரை மணி நேரம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் பூசணிக்காய் வாங்கிப் போனாள். அடுத்து வந்தவருக்கும் அதே கதைதான். மத்தியானம் வரை அரைக் கிலோகூடப் போகவில்லை. வண்டியில் உட்கார்ந்து மாத்தேத் தேநீர் குடியுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று அவரை விரட்டிவிட்டுத்தான் ஆறு கிலோ விற்றேன்.

அடுத்த ஞாயிறும் அவருக்கு வண்டிச் சிறைதான். அப்போது தலைநகர் மொந்தெவிதேயோவில் சாப்பாட்டுக்கடை நடத்தும் மிர்தா என்ற அம்மாள், "மாட்டுக் கதை சொல்ற ஆள் எங்கங்க?" என்று தேடி வந்தார். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசணிக்காய் வாங்கிப் போனவள் அவர் தங்கையாம். "புல்லு தின்ன மாடுன்னு பலகை எல்லாரும்தான் வெக்கிறாங்க, மாட்டுக்குப் பால் குடுத்தவர் பொய் சொல்லமாட்டார்" என்றார். உயரச் செருப்போடு நம் பண்ணைச் சாணியெல்லாம் மிதித்து, புல்லைப் பிடுங்கி முகர்ந்து, மாதம் இரண்டு காளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். யூக்கலிப்டஸ்காரருக்கு அப்பாவே போன் போட்டு முடியாது என்றார், குரலில் என்ன மிடுக்கு தெரியுமா! ஆனால் காளை வண்டியேறும் நாளில் மட்டும் வேலி பார்க்கிறேன் என்று எங்கோ போய்விடுகிறார்.

இன்னொன்று. நீ கறி தின்பதை விட்டதை உன் மாமா மகள் உளறிவிட்டாள். ஒரு வருஷமாக மறைத்தாயே கள்ளி! அப்பா கத்துவார் என்று பயந்து, அவர் வயிறு நிறைந்த பிறகு சொன்னேன். பல்லைக் குத்திக்கொண்டே யோசித்தார். "விடு, நம்ம மந்தையே புல்லுத் தின்னுதான் இப்படி வளந்திருக்கு, அவளும் தின்னட்டும்" என்றார்.

கன்னி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். டிசம்பர் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. சமையலறைக்குப் பின்னால் கீரை விதைத்து, மாடு புகாமல் வேலியும் கட்டியிருக்கிறார் உன் அப்பா. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
தெல்மிரா