முதல் பக்கத்தில் ஒரு வரி

புத்தூர், திருச்சி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் ரெஜிஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முட்டி வலி கூட இந்த மாதம் கொஞ்சம் தேவலை, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறார். கால்கரி குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய், தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. போன வாரம் என்ன சொன்னாய், "ஜெபராஜ் சார்கிட்ட ஒரு சாரி சொல்லிடும்மா, ரிடையர் ஆகப்போற நேரத்துல எதுக்கு வம்பு" என்றாய். சொல்ல மாட்டேன். ஏன் என்பதை முழுக்கப் படி.

காது கேளாத பிள்ளைகளுக்கு எங்கள் அலுவலகம் கொடுக்கிற காது மெஷினுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வரிசையாகப் பெரியவர்கள் படம், அதன் கீழே ஓடுகிற எழுத்து, அப்புறம் போன் நம்பர் கேட்கிற கட்டம், அவ்வளவுதான். யாருக்குக் கிடைக்கும், கையில் என்ன வைத்திருக்க வேண்டும், ஒரு வார்த்தை கிடையாது. மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ரெங்கம்மாள் என்று ஒரு பெண், ஆறாவது படிக்கிற மகள் யமுனாவைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். பிள்ளையின் மெஷின் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போய், ஸ்கூலில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துப் போட்ட விண்ணப்பம், டெஸ்ட் ரிப்போர்ட் பழசு என்று திரும்பிவிட்டது. புது ரிப்போர்ட் வாங்கி மறுபடி போட்டால் ஓ.டி.பி. திருப்பூரில் வேலை பார்க்கிற புருஷன் போனுக்குப் போகிறது, அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதற்குள் அது காலாவதி. அந்தப் பெண் கத்தவில்லை. "ரிப்போர்ட் புதுசா இருக்கணும்னு முதல்லயே போட்டிருந்தா நான் ஏங்க இத்தனை தடவை பஸ் ஏறப்போறேன்" என்று மட்டும் கேட்டாள். நானே உட்கார்ந்து அவளுக்கு நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கன்னத்தில் கை வைத்துப் பேசுகிற பழக்கம், உதடு மறையும் என்று சட்டென்று கையை எடுத்தேன்.

அதற்கப்புறம்தான் முதல் பக்கத்தை மாற்றி அமைக்கிற வேலை வந்தது, என்னை யாரும் கேட்காமலே நான் கை தூக்கினேன். கம்ப்யூட்டர் வேலைக்குக் கம்பெனியிலிருந்து அப்ரார் என்று ஒருவர், உன் வயசுதான் இருக்கும். நான் விதி முழுவதையும் எழுதிக் கொடுத்தேன், ஒரு வயது வரம்பையும் விடவில்லை. அவர் படித்துவிட்டு "மேடம், இது பக்கம் இல்ல, பாடப்புத்தகம்" என்றார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் காது பரிசோதனை முகாம் நடந்தது, அங்கே போய்க் காட்டிப் பார்ப்போம் என்று சவால் விட்டேன். போனைக் கையில் கொடுத்ததும் ஒவ்வொருவரும் விரலால் தள்ளித் தள்ளி நேராகக் கீழே பட்டனுக்குப் போனார்கள், நான் எழுதியதில் பாதியை ஒருவரும் படிக்கவில்லை. திரும்பி வரும்போது காவேரிப் பாலத்தில் டிராஃபிக்கில் நின்றோம், ஆட்டோவிலேயே எழுதியதை வெட்ட ஆரம்பித்துவிட்டோம். இது என்ன சேவை, யாருக்கு, எதைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு "தொடங்கு" என்று ஒரு பச்சைப் பட்டன். அதன் கீழே ஒரு வரி: ஆன்லைனில் செய்ய முடியாதவர்கள் நேரில் வரலாம், அலுவலர் நிரப்பித் தருவார்.

அந்த ஒரு வரிதான் ஜெபராஜ் சாருக்கு ஆகவில்லை. அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். "எல்லாரும் கும்பலா வந்து நின்னா அப்புறம் எதுக்குங்க ஆன்லைன்? அதை எடுத்துடுங்க, படத்தை மேல போடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை ரெஜிஸ், ஆளில்லாத ஆபீஸை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பயப்படுகிறார். படத்தை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், அந்த வரி இருக்கட்டும், வருகிறவர்களை என் மேசைக்கு அனுப்புங்கள் என்றேன். கேட்கவில்லை. வரியை எடுத்துவிட்ட பக்கத்துக்கு ஒப்புதல் கையெழுத்து நான் போட வேண்டும். மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னால் பேனாவை மூடி வைத்தேன். "ரிடையர் ஆகுற நேரத்துல ஏன் மேடம் பிடிவாதம்" என்றார். "இதுக்கப்புறம் பிடிவாதம் பிடிக்க எனக்கு நேரம் இல்லீங்க சார்" என்றேன். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கோப்பிலேயே எழுதி, ரெங்கம்மாள் அலைந்ததையும் எழுதி மேலே அனுப்பினேன். மேலே இருக்கிற அதிகாரி படித்துவிட்டு, வரி இருக்கட்டும் என்று எழுதிவிட்டார். பக்கம் திறந்தாயிற்று. படம் மேலேதான் இருக்கிறது, ஆனால் வரியும் இருக்கிறது. அடுத்த வாரமே நிர்வாகக் காரணம் என்று போட்டு என்னை மணப்பாறைக்கு மாற்றினார்கள். நீ சாரி கேட்கச் சொல்வது இந்த மாற்றலை ரத்து செய்ய. எந்தத் தப்புக்கு, சொல்?

தினமும் பஸ்தான், இடுப்பு வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அப்பா இரண்டாம் நாள் விடியலில் எழுந்து எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தார், உப்புமாவில் உப்பே இல்லை, முழுவதும் சாப்பிட்டேன். யமுனாவுக்கு மெஷின் வந்துவிட்டது. ரெங்கம்மாள் போன் செய்து பிள்ளையிடம் கொடுத்தாள், அது "கேக்குது, கேக்குது" என்று கத்தியதில் என் காது அடைத்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. ஆண்டவர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, அந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்புகிறேன், உன் போனில் திறந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி படித்து, எங்கே தடுக்குகிறது என்று எழுதி அனுப்பு. அப்ராரிடம் சொல்லித் திருத்த வேண்டும். மாற்றல் எனக்குத்தானே கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பக்கத்துக்கு இல்லையே.

இப்படிக்கு,
உன் அம்மா
லூ. பெலிண்டா,
இப்போது மணப்பாறை அலுவலகம்