பெட்டி பிரித்த ரோபோ

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. உங்கள் பொம்மைச் சேகரிப்பைப் பார்க்க நண்பர் சாயங்காலம் வருகிறாராம்; கண்ணாடி அலமாரிச் சாவி டிவி பக்கத்தில். அவராவது தொடாமல் பார்க்கத் தெரிந்தவர்.

பிறந்தநாள் பரிசென்று மகளிடம் அந்தப் பழைய தகர ரோபோவை நீட்டினீர்கள். அவள் ஆசையாய்ப் பெட்டியைப் பிரித்ததும், "மதிப்பே போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆறு வயசுப் பிள்ளை பரிசைப் பிரிக்காமல் பூஜையா செய்யும்? அழுதுகொண்டே கிழிந்த பெட்டியைப் பசை தடவி ஒட்டிப் பார்த்தாள்.

ரோபோவை உங்கள் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். நாங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறோம். எப்போது வருவோமென்று கேட்காதீர்கள்.

பி.கு.: பாட்டி வீட்டில் விளையாட எதை எடுத்துக்கொள்கிறாய் என்று மகளிடம் கேட்டேன். ரோபோ பெட்டியைச் சுற்றிப் பார்சலில் வந்த வெறும் அட்டைப்பெட்டியைக் காட்டி, "இத தொட்டா அப்பா திட்டமாட்டாருல்ல?" என்கிறாள்.