மெட்டியின் தடம்

புக்கிட் பெருந்துங்,
ஞாயிறு காலை.

என் செல்ல மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழைக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. ஜொகூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "மூச்சைக் கவனிங்கம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் உன் கல்யாண ரவிக்கைப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். முழுவதும் படி.

நீ சேர்த்துவிட்ட மைண்ட்ஃபுல்னஸ் தியான வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். விவாகரத்தானவர்களுக்கு மனம் ஆற நல்ல தெரப்பி என்றாய். ரவாங் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று கையுறை அடுக்கிவிட்டு வந்தால், அந்த ஷாமளா டீச்சர் ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, நிதானமாக மென்று தின்னச் சொல்கிறாள். உன் வயதுதான் அவளுக்கு. பாயசத்தில் போடுகிற திராட்சையை நான் பார்த்ததே இல்லையா? மூச்சு உள்ளே போகிறதாம், வெளியே வருகிறதாம். வராவிட்டால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்? பக்கத்துப் பாயில் ஒரு சீனத்து அம்மா குறட்டை விடுகிறார். நன்றாகச் செய்கிறீர்கள் என்று டீச்சர் பாராட்டியது அவரைத்தான்.

எதற்காக என்னை அனுப்பினாய் என்று எனக்குத் தெரியாதா? மணவறையில் உன்னைத் தாரை வார்க்க, நானும் உன் அப்பாவும் ஜோடியாக உட்கார வேண்டும். வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தக் கோல சிலாங்கூருக்குப் போன மனுஷன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. சபையில் கத்திவிடுவேனோ என்று உனக்குப் பயம். முடியாவிட்டால் சித்தப்பாவும் நவமணிச் சித்தியும் தாரை வார்க்கட்டும் என்று மெல்லச் சொன்னாய் பார், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அதற்குள் பட்டுச்சேலையே எடுத்துவிட்டாள். "புருஷன விட்டவ மணவறையில ஏறுனா நாலு பேரு பேசுவாங்க லா, அக்கா" என்று என்னிடமே சொல்கிறாள். நானா விட்டேன்? பெற்றவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமாம்!

போன வகுப்பில் பாயில் படுத்துக் கண்ணை மூடி, கால்விரல்களை ஒவ்வொன்றாகக் கவனிக்கச் சொன்னாள் டீச்சர். இரண்டாவது விரலுக்கு வந்ததும் மெட்டி இறுக்குவது போல இருந்தது. எழுந்து பார்த்தேன். மெட்டியைக் கழற்றி எத்தனையோ நாளாயிற்று. வெளுத்த தடம் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு வந்ததே கோபம்! அழுதும்விட்டேன். டீச்சர் பக்கத்தில் வந்து, "ஆண்ட்டி, கோவத்த வெரட்டாதீங்க. ஒடம்புல அது எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க" என்றாள். தொண்டையில் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் அடைத்தது, பிறகு தானாக இளகியது. அதுவும் எனக்கு எரிச்சல்தான். இவ்வளவு நாள் கட்டிக் காத்த கோபம், உற்றுப் பார்த்ததற்கே இளகிவிடுவதா? வீட்டுக்கு வந்ததும் திரும்ப வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். தொண்டை அடைத்தாலும் என்னால் அசையாமல் உட்கார முடியும். அதனால் நவமணி அந்தப் பட்டுச்சேலையை வேறு விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ளட்டும். உன் அப்பா பக்கத்தில் நான்தான் உட்காருவேன். அவர் என்னிடம் நலம் விசாரிக்கக் கூடாது, எப்போதும் பூசுகிற அந்த அத்தரைப் பூசிக்கொண்டு வரவும் கூடாது. சொல்லிவிடு. ஐயர் மந்திரம் சொல்லும்போது நான் கண்ணை மூடினால் பயப்படாதே, மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன். கண்ணீர் வந்தாலும் யார் என்ன சொல்ல முடியும்? மகளைத் தாரை வார்க்கும்போது எந்த அம்மா அழவில்லை?

மாப்பிள்ளை வீட்டில் மெட்டிக்கு உன் விரல் அளவு கேட்டார்கள். இறுக்கினால் தடம் விழுந்துவிடுகிறது, கொஞ்சம் தளர்வாகவே செய்யுங்கள் என்றேன். அது கடைசிவரை உன் காலில் இருக்க வேண்டும் என்றுதான் அம்மா தினமும் முருகனிடம் கேட்கிறேன். இருந்தாலும் தளர்வாகவே இருக்கட்டும் கண்ணு.

உன்னைப் பெற்றவள்,
லோகேஸ்வரி