பக்கத்து சீட்டு மேட்

அப்பா,

டிபனை அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். கார் சாவியைத் தேடவேண்டாம். இன்றைக்கு நான் தனியாக ஓட்டிப்போகிறேன். நீங்கள் பஸ்ஸில் போங்கள்.

நேற்று "பிரேக் போடு, பிரேக் போடு!" என்று நீங்கள் கத்தியதில் வண்டி நடுரோட்டில் நின்றுபோனதே, அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அதற்கப்புறம் நேற்றே, காரில் காலடியில் போடும் மேட்டுகளைச் சுருட்டிக்கொண்டு, மாற்றுவதற்காகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஓட்டுற பக்கம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்து சீட்டு மேட்டுல எப்படிம்மா ஓட்டை?"

"எங்கப்பா அங்க உக்காந்துதான் பிரேக் போடுவாரு."

ஒன்று மட்டும் தரமாட்டாராம். முழு செட்டாக வாங்கினேன், செலவு உங்களுடையது.

பி.கு: சாயங்காலம் உங்கள் ஆபீஸ் வாசலுக்கு வருகிறேன். முன்சீட்டில் என் பை இருக்கும். பின்னால் ஏறிக்கொள்ளுங்கள்.