தூண்டில் பெட்டியின் அடிப்பலகை

ஸ்கார்வேய தீவு,
9 ஜூன் 1966

அன்பு மகள் ரான்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். அப்பா சுகம் என்று எழுதியது அவர் சொன்னதை வைத்துத்தான், அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று உனக்கே தெரியும். உருளைக்கிழங்கு நட்டாயிற்று, ஆடு இரட்டைக் குட்டி போட்டது. உன் போன கடிதத்தின் உறை ஓரம் பிரிந்து வந்தது, ஈரத்தால் என்கிறாள் தபாலாபீஸ்காரி. மழையே பெய்யாத வாரத்தில் என்ன ஈரமோ. அதனால் இதைக் கப்பல்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

குளிர்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும், இனித் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்ததும் எழுதியிருந்தேன். ஈஸ்டர் வரை நல்ல பிள்ளையாக அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். பிறகு படகுக் கொட்டகைக்குள் போய் உள்ளே கொக்கி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உன் தாத்தாவின் மரத் தூண்டில் பெட்டி, துறையில் விழுந்து அடி விட்டுப்போனதே, அதை மடியில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். துருப்பிடித்த கீலுக்குப் பதில் பித்தளைக் கீல், அடிக்குப் புதுப் பலகை, முள் குத்தி வைக்கப் புதுத் தக்கை, தூக்கத் தோல் வார், மேலே ஆளிவிதை எண்ணெய் மூன்று தடவை. கடலுக்குப் போகாதவருக்குத் தூண்டில் பெட்டி எதற்கு, நீயே சொல். கேட்டால், "சும்மா கெடந்துச்சு, சரி பண்றேன், அது ஒரு குத்தமா?" என்கிறார். சும்மா கிடப்பதையெல்லாம் சரி பண்ணுகிற மனுஷனா? கொட்டகைக் கூரை நாலு வருஷமாக ஒழுகுகிறது. ஒரு நாள் உள்ளேயிருந்து கருகல் நாற்றம் வேறு. திருட்டுத்தனமாகப் பைப் பிடிக்கிறார் என்று கோட்டுப் பையெல்லாம் துழாவினேன், ஒரு துணுக்குப் புகையிலை இல்லை. மத்தியானங்களில் தேவாலய மேட்டில் ஏறித் தூரக்கண்ணாடியில் கடலைப் பார்க்கிறார் என்றும் தெரிந்தது. ஆள் தனியாகக் கிளம்பத்தான் போகிறார் என்று முடிவுகட்டி, படகில் துடுப்பு மாட்டுகிற மர முளைகள் நான்கையும் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு ஹில்மர், இருபது வருஷமாக நம் படகின் பின்னால் வந்து நம் மீன் இடத்தை மோப்பம் பிடிப்பவன், காபி குடிக்கிற சாக்கில் வந்து, "பெட்டி பளபளங்குதே பெட்ரினே, கெழவன் எந்தப் பக்கம் போறதா உத்தேசம்?" என்று கேட்கிறான். சமையல்கட்டுப் பக்கம் என்று சொல்லி அனுப்பினேன்.

நம் ஊர் வழக்கம் நீ அறியாததா. தேவாலயக் கோபுரம் எந்த மலைக்கு நேராகத் தெரிய வேண்டும், எந்தப் பாறை எதற்குப் பின்னால் மறைய வேண்டும், இரண்டு கோடும் சேருகிற இடத்தில் நூலை விடு என்கிற குறியை அப்பன் மகனுக்குப் படகில் வைத்துத்தான் சொல்வான். கரையில் வாய் திறக்க மாட்டான், எழுத மாட்டான், கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று மகளுக்குச் சொல்லவே மாட்டான். முப்பத்திநாலு வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே தெரியாது. உன் பதினாலாவது வயதில் அவர் வேண்டுமென்றே கலங்கரை விளக்கத்தடி என்று பொய்க்குறி சொன்னதும், நீ நாள் முழுக்கத் துடுப்புப் போட்டுக் கை கொப்பளித்து வெறும் வாளியோடு வந்ததும், துறையில் ஹில்மர், "என்ன ரான்டி, மீனுக்கெல்லாம் இன்னைக்கு லீவா?" என்று சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. வேலைக்காகத்தான் கனடா போனேன் என்கிறாய், இருக்கட்டும். ஆறு வருஷமாக உன் கடிதங்களில் அப்பாவுக்கென்று தனியாக ஒரு வரி இருந்ததில்லை.

போன ஞாயிறு அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டபோது கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டைத் தூக்கினால், புது அடிப்பலகையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டு வரைந்திருக்கிறது, கோபுரம், மலை, பாறை, இரண்டு கோடு. அடியில் உன் பெயர். கருகல் நாற்றம் அதுதான், மேட்டில் ஏறித் தூரக்கண்ணாடியில் பார்த்ததும் இந்தக் கோடுகளைச் சரிபார்க்கத்தான். எனக்கு அழுகை வந்தது, கூடவே சந்தேகமும் வந்தது. ஒரு தடவை பொய்க்குறி சொன்னவர் மறுதடவை சொல்ல மாட்டாரா? உன்னை இரண்டாம் முறை ஏமாற விட எனக்கு மனசில்லை. முளைகளை மாவிலிருந்து எடுத்து மாட்டி நானே படகைத் தள்ளினேன். கோடு சேர்ந்த இடத்தில் நாற்பது பாக ஆழத்துக்கு நூல் விட்டேன், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இழுத்தது. மூன்று காட் மீன், ஒவ்வொன்றும் என் கை நீளம்.

திரும்பி வந்தால் துறையில் அவர் நிற்கிறார். கத்துவார் என்று நினைத்தேன். வாளியைப் பார்த்தார், என் முழங்கையில் இருந்த மாவைப் பார்த்தார், "ஹில்மர் பாத்தானா?" என்று மட்டும் கேட்டார். பாத்தான், எங்க புடிச்சேன்னு கேட்டான், கலங்கரை விளக்கத்தடின்னு சொல்லிட்டேன் என்றேன். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாயிற்று. சிரிப்பு அடங்கியதும், "அந்தப் புள்ளைகிட்ட நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது பெட்ரினே. பலகையில சுட்டு வச்சா பத்தாது, கடல்ல வச்சுக் காட்டணும். அவ துடுப்புப் போடட்டும், நான் சும்மா உக்காந்துக்கறேன். வருவாளான்னு கேளு" என்றார். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டுக்குள் வா, அதற்குமேல் காற்று பொல்லாதது. குறி என்னவென்று இங்கே எழுத மாட்டேன், படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. மாப்பிள்ளையிடம் சொல்லாதே, நல்லவர்தான், இருந்தாலும். பெட்டியை அப்பா திறந்து காட்டும்போது முதல் தடவை பார்க்கிற முகமாக வைத்துக்கொள். ஹில்மர் நாலு நாளாகக் கலங்கரை விளக்கத்தடியில், அன்றைக்கு நீ உட்கார்ந்திருந்த இடத்திலேயே, வெறும் வாளியோடு உட்கார்ந்திருக்கிறான்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடியில்லாமல் காக்கட்டும். பதில் கடிதத்தில் அப்பாவுக்கென்று ஒரு வரி போட மறக்காதே, வருகிறேன் என்ற ஒரு சொல் போதும். முளைகள் மறுபடி மாவு டப்பாவுக்குள்தான் இருக்கின்றன, நீ வந்து கையை நீட்டினால்தான் எடுத்துத் தருவேன்.

உன் வரவுக்காக ரொட்டி சுடாமல் மாவைக் காத்துக்கொண்டிருக்கும்
அம்மா பெட்ரினே